க்ளோ த வூஜோ: மதிலுக்குள்ளே போனால் என்ன பார்ப்பது?

வைகைக்கரை, 12 மார்ச் 2024

செப்டம்பர் கடைசியில பாரிஸ் வர்றோம், நாலு பேர். ஒரு நாள் ஒதுக்கி பர்கண்டி ஒயின் பகுதிக்குப் போய் க்ளோ த வூஜோ பார்க்கணும். படிச்சதை வச்சு நான் புரிஞ்சுக்கிட்டது இது. துறவிகள் போட்ட திராட்சைத் தோட்டம், சுத்தி மதில், உள்ளே கோட்டை மாதிரி ஒரு வீடு. அந்த வீட்டுக்காரங்கதான் ஒயின் பண்றாங்க. டிக்கெட் எடுத்தா சுத்திக் காட்டிட்டு நிலவறையில ரெண்டு கிண்ணம் ஊத்துவாங்க. ஒரே மதிலுக்குள்ள விளையுறதால எந்தப் பாட்டில் வாங்கினாலும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். தப்பா இருந்தா சொல்லுங்க.

கொடிக்கால், 12 மார்ச் 2024

மதில் சரி, துறவிகள் சரி. மற்றதில் பெரும்பாலானது தப்பு. நல்லவேளை, கிளம்புவதற்கு முன்பே கேட்டீர்கள்.

அந்தக் கோட்டை வீடு, அதாவது ஷாத்தோ, இப்போது ஒயின் செய்வதில்லை. சுற்றியிருக்கிற கொடிகளில் ஒன்றுகூட அதற்குச் சொந்தமில்லை. 1934இல் தொடங்கிய கோன்ஃப்ரெரி தே ஷெவாலியே டு தாஸ்த்வேன் என்ற ஒயின் சகோதரத்துவ அமைப்பின் கைக்கு 1944இல் அது வந்தது. இன்று அது அருங்காட்சியகமும் விருந்து மண்டபமும்தான். தோட்டம் சுமார் 50.6 ஹெக்டேர், நம் கணக்கில் 125 ஏக்கர். அதற்குச் சுமார் 80 பேர் உரிமையாளர்கள். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு கவாத்து, ஆளுக்கொரு பாதாள அறை, ஆளுக்கொரு லேபிள். பாகப்பிரிவினை ஆன குடும்பச் சொத்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மதில் மட்டும்தான் பொது.

சுண்ணாம்புப்பாறை, 13 மார்ச் 2024

ஒரே சரக்கு என்பதுதான் இங்கே பெரிய தவறு. பர்கண்டியின் மற்ற கிரான் க்ரூ (உச்சத் தகுதி பெற்ற) தோட்டங்கள் பெரும்பாலும் சரிவின் நடுவயிற்றில் ஒரு பட்டையாக ஓடும். க்ளோ த வூஜோ மேலே முசினி என்ற தோட்டத்தின் காலடியில் தொடங்கி, கீழே டி974 நெடுஞ்சாலை வரைக்கும் இறங்குகிறது. சாலைக்கு அந்தப் பக்கம் கிரான் க்ரூ எதுவும் இல்லை. மற்ற ஊர்களில் இதே உயரத்தில் சாலையோரம் இருக்கிற நிலத்துக்குப் பெரும்பாலும் வெறும் ஊர்ப்பெயர்த் தகுதிதான் கிடைத்திருக்கிறது. இங்கே மதிலுக்குள் அகப்பட்டதால் அதற்கும் உச்சத் தகுதி. 1937இல் சட்டப்படி எல்லை வரைந்தபோது மதிலையே எல்லையாக எடுத்துக்கொண்டார்கள்.

மண்ணைப் பாருங்கள். மேலே ஷாத்தோ பக்கம் சுமார் 40 சென்டிமீட்டர் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கல்லும் சரளையும் கலந்தது, தண்ணீர் நிற்காது. நடுவில் ஆழம் கொஞ்சம் கூடும், களி கலக்கும். அடியில் சாலையோரம் 90 சென்டிமீட்டர் வரை கனத்த மண், கீழே களிப்படுகை. போதாக்குறைக்கு நெடுஞ்சாலை தோட்டத்தைவிட மேடாக நிற்கிறது. மழைத் தண்ணீர் வந்து அங்கேயே தேங்கும். ஏரிக்கரைக்கு உள்பக்கத்து வயல் எப்படியிருக்குமோ அப்படி.

வைகைக்கரை, 13 மார்ச் 2024

அப்போ மேல் பகுதி ஆள்கிட்ட வாங்கினா போதும், கீழ் பகுதியை விட்டுடலாம். இதுதானே?

கொடிக்கால், 13 மார்ச் 2024

அவ்வளவு சுலபமில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் தேதி. செப்டம்பர் கடைசி என்றால் அறுவடை நடக்கும், அல்லது அப்போதுதான் முடிந்து தொட்டிகளில் நொதித்துக்கொண்டிருக்கும். தோமேன், அதாவது சொந்தக் கொடியில் ஒயின் செய்கிற பண்ணை, எதுவும் அந்த நேரத்தில் விருந்தாளியைப் பார்க்காது. வருகிற பழத்தை வரிசைப்படுத்த வேண்டும், காலையும் மாலையும் தொட்டியில் மிதக்கும் தோலை உள்ளே அமுக்க வேண்டும், சர்க்கரையும் வெப்பநிலையும் அளக்க வேண்டும். இரண்டு பேர் மூன்று பேராக நடத்துகிற இடங்கள்தான் அதிகம். மின்னஞ்சலுக்குப் பதில்கூட வராது. அக்டோபர் பிற்பாதிக்குத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள். இலையெல்லாம் பொன்னிறமாகியிருக்கும், ஆட்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

ஷாத்தோவை மட்டும் பார்ப்பதென்றால் செப்டம்பரிலும் பாதகமில்லை. ஆண்டுக் கடைசிப் பண்டிகை நாட்கள் தவிர ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். சனிக்கிழமைகளில் சீக்கிரம் மூடுவார்கள், ராத்திரி விருந்துக்கு மேசை போட வேண்டும்.

மர நெம்பு, 16 மார்ச் 2024

ஷாத்தோவுக்குள் என்ன பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லையே. பலர் முற்றத்தில் நின்று இரண்டு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வீடு 1551இல் கட்டியது, மறுமலர்ச்சிக் காலத்து மாளிகை. அதை விரைவாகக் கடந்து போகலாம். உண்மையான சொத்து அதற்குப் பின்னால் இருக்கிற பழைய கட்டடங்கள். சீத்தோ மடத்துத் துறவிகள் வேலைக்காகக் கட்டியவை அவை.

முதலில் பிழியறை. நாலு மூலையிலும் நாலு ராட்சதப் பிழிமரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓக் மரத்தில் ஒரு நீளமான உத்திரம். ஒரு முனை நிலைக்கட்டையில் அடைபட்டிருக்கும், மறுமுனையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரத் திருகு. நடுவில் தட்டு. தட்டின்மேல் பழத்தைக் குவித்து, பலகை வைத்து, பலகைமேல் குறுக்குக் கட்டைகளை அடுக்கி, அப்புறம் திருகைச் சுற்றி உத்திரத்தை இறக்குவார்கள். நம்மூர் எலுமிச்சை பிழிகிற கட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதே தத்துவம். ஒரு தடவை இறக்கினதோடு முடியாது. பிண்ணாக்கின் ஓரம் கசிந்து நடுப்பகுதி ஈரமாகவே நின்றுவிடும். அதனால் உத்திரத்தைத் தூக்கி, ஓரங்களை மண்வெட்டியால் வெட்டி நடுவில் போட்டு, மறுபடி இறக்க வேண்டும். முதல் சாறு மெல்லியது. கடைசிச் சாற்றில் தோலும் விதையும் சேர்ந்து துவர்க்கும். இரண்டையும் கலக்காமல் தனித்தனியே பிடித்தார்கள்.

அந்தத் திருகின் மரையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். உளியால் செதுக்கியது. ஒரு பல் உடைந்தால் அறுவடை நின்றுவிடும். அதனால்தான் ஒன்றுக்கு நாலாக வைத்திருந்தார்கள் என்பது என் கணிப்பு.

சுண்ணாம்புப்பாறை, 16 மார்ச் 2024

பிழியறைக்கு அடுத்து சரக்கறை. அது 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வைகைக்கரை எழுதின மாதிரி அது நிலவறை இல்லை, தரைக்கு மேலேயே இருக்கிறது. தோண்டினால் தண்ணீர் கிட்டத்தில் வந்துவிடும், வூஜ் ஓடை பக்கத்தில்தான். ஊருக்கே அந்த ஓடையால் வந்த பெயர். அதனால் கீழே போகாமல் மேலேயே கட்டி, குளிர்ச்சிக்குத் தடித்த சுவரும் சிறிய சாளரமும் வைத்தார்கள். மேல்தளத்துக்கும் கீழே இருக்கிற மர உத்திரங்களுக்கும் நடுவில் மண் நிரப்பியிருக்கிறார்கள். கோடையில் உள்ளே காலெடுத்து வைத்ததும் மேலே சில்லென்று படும், அது அந்த மண்ணின் வேலை. 228 லிட்டர் பீப்பாய் 2000 அடுக்கக்கூடிய இடம். இன்று விருந்துகள் இங்கேதான்.

மேல்மாடியில் உடலுழைப்புத் துறவிகள் படுத்த கூடம். அண்ணாந்து பார்த்தால் கூரை மரச்சட்டம் அப்படியே தெரியும். அவசரப்படாமல் பார்க்க மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடிக்கால், 19 மார்ச் 2024

மேல் பகுதி, கீழ் பகுதி என்று கேட்டதற்குப் பதில்.

துறவிகள் மேல் பகுதி ஒயினைப் போப்பாண்டவருக்கும், நடுப் பகுதியை அரசர்களுக்கும், கீழ் பகுதியைத் தங்களுக்கும் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இதைக் கேட்டுவிட்டு மேல் பகுதி ஒயின்தான் வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிப்பார்கள். மதிலுக்குள்ளே பழைய துண்டுப் பெயர்கள் இருக்கின்றன. கிரான் மோப்பெர்த்துய், முசினி, பிளான்த் ஷாமெல், பிளான்த் லாபே, காரென், காத்தோர்ஸ் ஷுர்னோ என்று. மேலே கிரான் மோப்பெர்த்துய் பக்கத்துத் தோட்டமான கிரான் எஷெஸோவை ஒட்டியது, முசினித் துண்டு முசினித் தோட்டத்துக்கு நேர்கீழ். லேபிளில் இந்தப் பெயரைச் சிலர் போடுவார்கள், பலர் போடுவதில்லை. சட்டப்படி எல்லாமே க்ளோ த வூஜோ.

மேல் பகுதிக்கு மண் சாதகம், மறுக்கவில்லை. ஆனால் கீழே துண்டு வைத்திருந்தும் மேலே இருக்கிற பலரைவிட நன்றாகச் செய்கிற தோமேன்கள் உண்டு. குலைகளைக் குறைப்பது, சரியான நாளில் பறிப்பது, வடிகால் வெட்டுவது, கெட்ட பழத்தை மேசையில் பொறுக்கி எறிவது, இவை சரியாக நடந்தால் களிமண்ணும் மரியாதையாக நடந்துகொள்ளும். தவிர வறட்சி ஆண்டில் கணக்கு தலைகீழ். 2003, 2018, 2020 போன்ற ஆண்டுகளில் மேல் பகுதிக் கொடி தண்ணீருக்குத் தவித்து நிற்கும்போது, கீழே களி தன் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். மழை ஆண்டில் அதே களி பழத்தை உப்ப வைத்து அழுக வைக்கும்.

ஆகவே வாங்கும்போது இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் யார் செய்தது, அடுத்து எந்த ஆண்டு, அதற்கப்புறம் எந்தத் துண்டு.

கொடிக்கால், 20 மார்ச் 2024

நேற்று எழுதினதில் போப், அரசர், துறவி என்ற மூன்றடுக்குக் கதையைக் கதை என்றே சொன்னேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. ஆவணச் சான்று கிடையாது. துறவிகள் எல்லாப் பகுதியையும் கலந்தே ஒரே ஒயினாகச் செய்தார்கள் என்பதுதான் பலர் ஏற்கிற கருத்து. யோசித்தால் அதுதான் அறிவான வேலை. மழை ஆண்டில் மேல் பகுதி காப்பாற்றும், வறண்ட ஆண்டில் கீழ் பகுதி காப்பாற்றும். முழுத் தோட்டமும் ஒரே கையில் இருந்தவரை அந்த வசதி இருந்தது. இன்று ஒரே மூலையில் ஒரு துண்டு மட்டும் வைத்திருப்பவருக்கு அது இல்லை. க்ளோ த வூஜோ ஏமாற்றுகிறது என்று குறை சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை, 20 மார்ச் 2024

80 பேர் கைக்கு எப்படிப் போச்சு? புரட்சியில பிடுங்கிப் பங்கு போட்டாங்களா?

மர நெம்பு, 21 மார்ச் 2024

பிடுங்கினார்கள், பங்கு போடவில்லை. சீத்தோ மடம் 1098இல் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்து தானமாகவும் விலைக்கும் துண்டு துண்டாகச் சேர்த்து, 1336 வாக்கில் மதிலை மூடினார்கள். 1790இல் மடத்துச் சொத்தெல்லாம் தேசிய உடைமை, 1791இல் ஏலம். ஆனால் ஏலத்திலும் முழுசாகத்தான் போனது. 1818இல் ஜூல்-ஜூலியன் உவ்ரார் வாங்கினார். அடுத்த ஆண்டு ரொமானே-கோந்தி என்ற புகழ்பெற்ற தோட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். 1889 வரை அந்தக் குடும்பத்துக் கையில் ஒரே பட்டா.

1889இல்தான் உடைந்தது. பல ஒயின் வணிகர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். அது மோசமான காலம். 1878இலேயே ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி இந்த மாவட்டமான கோத் தோருக்கு வந்துவிட்டது. பழைய கொடியைப் பிடுங்கி, அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி நட்டாக வேண்டும், செலவு பயங்கரம். அதற்கப்புறம் ஒவ்வொரு துண்டும் வாரிசுகளுக்குச் சமபங்காகப் பிரிந்தது. நெப்போலியன் காலத்துச் சட்டம் எல்லாப் பிள்ளைக்கும் பங்கு என்கிறது. இரண்டு மூன்று தலைமுறையில் கொடி வரிசைக் கணக்கில் பங்கு போடுகிற நிலை.

ஷாத்தோவின் கதை தனி. லேயோன்ஸ் போக்கே என்பவர் வாங்கிப் பழுதுபார்த்தார், 1920இல் எத்தியேன் காமுஸே வாங்கினார், அங்கிருந்து கோன்ஃப்ரெரிக்கு வந்தது.

கொடிக்கால், 22 மார்ச் 2024

அளவு புரிய ஒரு கணக்கு. பர்கண்டியில் இன்றும் ஊவ்ரே என்ற அலகில்தான் பேசுவார்கள். ஒரு ஆள் ஒரு நாளில் கையால் கொத்தி முடிக்கிற நிலம், 428 சதுர மீட்டர். நம் கணக்கில் பத்தரை சென்ட். எட்டு ஊவ்ரே ஒரு ஷுர்னால், அதாவது ஒரு நாள் ஏர் ஓட்டுகிற நிலம், 85 சென்ட் சுமார். காத்தோர்ஸ் ஷுர்னோ என்ற துண்டின் பெயருக்கே 14 ஷுர்னால் என்று பொருள்.

அடிப்படை விளைச்சல் வரம்பு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர். ஆக ஒரு ஊவ்ரேக்கு 150 பாட்டில். சராசரி உரிமையாளருக்கு ஒன்றரை ஏக்கர், அதாவது பத்துப் பீப்பாய்க்கு உள்ளே.

சுண்ணாம்புப்பாறை, 22 மார்ச் 2024

150 லிட்டர், 150 பாட்டில் இல்லை. பாட்டில் 750 மில்லி, ஆகவே 200 பாட்டில்.

கொடிக்கால், 22 மார்ச் 2024

ஆமாம், 200. லிட்டரையும் பாட்டிலையும் குழப்பிவிட்டேன், நன்றி. பீப்பாய்க் கணக்கு சரி: 228 லிட்டர் என்றால் 300 பாட்டில் சொச்சம். இதிலிருந்தே ஒரு விஷயம் விளங்கும். ஒரு தோமேனில் மொத்தமே மூன்று பீப்பாய் க்ளோ த வூஜோ இருந்தால், வருகிற ஒவ்வொருவருக்கும் அதை ஊற்றிக் காட்ட முடியாது. ஊர்ப்பெயர் ஒயினோ, கிரான் க்ரூவுக்கு அடுத்த படியான பிரமியே க்ரூவோ ஊற்றுவார்கள். அதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வைகைக்கரை, 2 ஏப்ரல் 2024

தேதி மாத்தியாச்சு, அக்டோபர் 24 வியாழன். சுவைக்க எங்கே போறது? கொடிக்குள்ள நடக்கலாமா?

கொடிக்கால், 3 ஏப்ரல் 2024

மதிலுக்குள்ளேயே ஒயின் செய்கிற ஒரே இடம் ஷாத்தோ த லா தூர். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் எழுந்த கட்டடம், தோட்டத்தில் மிகப் பெரிய துண்டும் அவர்களுடையதே, ஐந்தரை ஹெக்டேர் சுமார். முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் வோன்-ரொமானே, நுயி-சேன்-ஜோர்ஜ், ஷாம்போல் ஊர்களில் இருக்கிற தோமேன்களுக்கு. எல்லாம் பத்து நிமிடக் கார்ப்பயணம்.

எழுதும்போது நாள், நேரம், எத்தனை பேர், எந்த மொழி, எந்தத் தோட்டத்து ஒயினில் ஆர்வம், இவ்வளவும் ஐந்து வரியில் வந்துவிட வேண்டும். ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள். நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். பகல் 12 முதல் 2 வரை யாரும் இருக்க மாட்டார்கள், ஞாயிறு கிடையாது, ஆகஸ்ட் நடுவிலும் கிடையாது. கால் மணி தாமதமாகும் என்றால் தொலைபேசியில் சொல்லுங்கள், சொல்லாமல் வராமல் போவது பெரிய குற்றம். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பாதாள அறையில் உங்கள் வாசனை பத்துப் பேர் மூக்கையும் கெடுக்கும். வாயில் சுழற்றித் துப்புவதற்கு வாளி வைத்திருப்பார்கள், துப்புவதுதான் முறை. கார் ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, உரிமம் புதிதென்றால் 0.2.

சுண்ணாம்புப்பாறை, 3 ஏப்ரல் 2024

கொடி வரிசைக்குள் நுழையாதீர்கள். தனியார் நிலம், பாதையிலிருந்து பார்ப்பதே போதும். மதில்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களால் கல் சரிகிறது. இன்னொரு காரணம் மருந்து. மே முதல் ஆகஸ்ட் வரை போர்டோ கலவையோ கந்தகமோ அடித்திருப்பார்கள், இலையில் நீலப் பூச்சு தெரியும்.

நடக்கிற வரிசை முக்கியம். கீழிருந்து மேலே போங்கள். டி974 ஓரம் மதில் வாசல்களில் உரிமையாளர் பெயர் செதுக்கிய கல் வளைவுகள் இருக்கும். அங்கே நின்று நெடுஞ்சாலையின் மட்டத்தையும் கொடியின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நான் முதலில் சொன்ன மேடு பள்ளம் கண்ணால் தெரியும். அப்புறம் ஊர்ப்பக்கமாக ஏறி ஷாத்தோவுக்குப் போனால் கால் வழியே மண் மாறுவது புரியும். கீழே செருப்பில் அப்புகிற களி, மேலே நறநறக்கிற கல். ஏற்றம் என்று பயப்பட வேண்டாம், அடிக்கும் முடிக்கும் உயர வித்தியாசம் 15 மீட்டர் சுமார்தான். அந்த 15 மீட்டருக்குத்தான் இத்தனை விவாதம்.

மர நெம்பு, 4 ஏப்ரல் 2024

படத்துக்குக் காலைதான். சரிவு கிழக்கு பார்த்தது. காலையில் சாலையிலிருந்து பார்த்தால் வெயில் உங்கள் முதுகில், ஷாத்தோவின் முகத்தில். மதியத்துக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும், கட்டடம் கறுத்துப் போகும்.

வைகைக்கரை, 11 ஜூன் 2024

படத்துல கொடியெல்லாம் முழங்கால் உயரம்தான் தெரியுது. கம்பம் பக்கம் பந்தல்ல தலைக்கு மேல தொங்கும். இவங்க ஏன் இப்படி வளர்க்கறாங்க?

கொடிக்கால், 12 ஜூன் 2024

குளிர்தான் காரணம். கம்பத்தில் வெயிலும் ஈரமும் தாராளம், பந்தல் போட்டால் நிழலும் காற்றும் கிடைக்கும். இங்கே பழுக்கிற வெப்பமே கஞ்சமாகத்தான் கிடைக்கும். பகலில் கல் வாங்கின சூட்டை ராத்திரி குலைக்குக் கொடுக்க வேண்டும், அதனால் குலை தரையை ஒட்டித் தொங்கும். வரிசைக்கு வரிசை 1 மீட்டர், கொடிக்குக் கொடி 1 மீட்டர், ஹெக்டேருக்கு 10000 கொடி. வேர்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஆழம் போகும், ஒரு கொடியில் நாலைந்து சின்னக் குலைகள்தான்.

கவாத்து கியோ முறை. குளிர்காலத்தில் போன ஆண்டுக் கொம்பில் ஒன்றை மட்டும் ஏழெட்டுக் கண்ணோடு விட்டுக் கம்பியில் வளைத்துக் கட்டுவார்கள். பக்கத்தில் இரண்டு கண்ணோடு ஒரு சின்னக் குச்சி, அடுத்த ஆண்டுக் கொம்பு அதிலிருந்து வரும். அந்தச் சின்னக் குச்சியைத் தப்பான பக்கம் விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு தண்டு நகர்ந்து வரிசை கெடும், வெட்டுக்காயம் சாறோட்டத்தில் விழுந்து தண்டு உள்ளே செத்துப்போகும். வெட்டின குச்சியைச் சக்கரம் வைத்த தகர உருளையில் போட்டு அங்கேயே எரிப்பார்கள். ஜனவரியில் போனால் சரிவெங்கும் நீலப் புகை நிற்கும்.

1 மீட்டர் இடைவெளியில் சாதாரண டிராக்டர் போகாது. கொடியின் தலைக்குமேல் தாண்டி நிற்கிற நெட்டைக்கால் டிராக்டர்தான்.

சுண்ணாம்புப்பாறை, 18 ஜூலை 2024

இந்த ஆண்டு நிலவரம்: மழை விட்டபாடில்லை, அடிச்சாம்பல் நோய் கடுமை. நனைந்த மண்ணில் டிராக்டர் இறங்க முடியவில்லை, மருந்து அடிக்க வேண்டிய நாள் தவறுகிறது, தவறின இடத்தில் குலையே பழுப்பாகிறது. கீழ் பகுதிக் களியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வைகைக்கரை, அக்டோபரில் போகும்போது இந்த ஆண்டு விளைச்சலைப் பற்றி உற்சாகமாகக் கேட்டுவிடாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை, 2 அக்டோபர் 2024

ஒரு தோமேன் நேரம் கொடுத்துட்டாங்க, காலை 10 மணி. கடையில வாங்கறப்போ லேபிள்ல என்ன பார்க்கணும்? ஊருக்கு எத்தனை கொண்டுபோகலாம்?

கொடிக்கால், 3 அக்டோபர் 2024

க்ளோ த வூஜோ என்றும் க்ளோ வூஜோ என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே, கிரான் க்ரூ. வெறும் வூஜோ என்றிருந்தால் மதிலுக்கு வெளியே உள்ள ஊர் ஒயின். வூஜோ பிரமியே க்ரூவும் வெளியேதான். லெ க்ளோ பிளான் த வூஜோ என்பது வெள்ளை ஒயின், அது வேறொரு அடைப்பு. பெரிய தோட்டத்தில் பினோ நுவார் திராட்சையின் சிவப்பு ஒயின் மட்டும். பெயர் ஒன்று போல இருப்பதால் மாற்றி வாங்கி வந்து வருந்துகிறவர்கள் நிறைய.

தாஸ்த்வினாஜ் முத்திரை இருந்தால், கோன்ஃப்ரெரி நடத்துகிற சுவைத் தேர்வில் தேறியது என்று பொருள். 1950இலிருந்து நடக்கிறது. அது நல்ல அடையாளம், ஆனால் முத்திரை இல்லாதது மட்டம் என்று எண்ண வேண்டாம், பலர் அனுப்புவதே இல்லை.

நல்ல கைக்காரர் செய்தது மூன்று இலக்க யூரோ. உடனே திறக்காதீர்கள், இளமையில் இறுக்கமாக முறைத்துக்கொண்டிருக்கும். பத்து ஆண்டு தாண்டினால்தான் மனம் திறக்கும். வீட்டில் குளிர்ந்த இருட்டறை இல்லையென்றால் முதிர்ந்த ஆண்டாகப் பார்த்து வாங்குங்கள். சென்னை வெயிலில் அலமாரியில் வைத்தால் ஒரே கோடையில் வேகும்.

இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரி இல்லாமல். அதாவது இரண்டு பாட்டில். மூன்றாவது எல்லை தாண்டிவிடும், தீர்வை பாட்டில் விலைக்கு மேல் போகலாம். கைப்பையில் முடியாது, பெட்டிக்குள் துணி சுற்றி நடுவில் வையுங்கள்.

மர நெம்பு, 4 அக்டோபர் 2024

நேரம் மிச்சமிருந்தால் கிழக்கே ஜியி-லே-சீத்தோ போங்கள். மடாதிபதிகள் தங்கின கோட்டை வீடு, ஒயினைப் பத்திரப்படுத்தினதும் அங்கேதான், இப்போது விடுதி. இன்னும் கிழக்கே போனால் சீத்தோ மடம். அங்கே துறவிகள் ஒயினை விட்டுவிட்டுப் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். வூஜோவில் குடிப்பதைவிட அந்தக் கட்டியைத்தான் அதிகம் நினைவில் வைத்திருப்பீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன்.

வைகைக்கரை, 21 அக்டோபர் 2024

நண்பர் ஒருத்தர் நவம்பர் 16 சனிக்கிழமை வரலாமான்னு கேக்கறார். அன்னிக்கு ஷாத்தோ திறந்திருக்குமா?

கொடிக்கால், 21 அக்டோபர் 2024

அந்த ஒரு வார இறுதியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நவம்பர் மூன்றாம் வார இறுதி துருவா குளோரியூஸ், மூன்று பெருநாள். சனிக்கிழமை ராத்திரி க்ளோ த வூஜோவில் கோன்ஃப்ரெரியின் பெருவிருந்து, ஞாயிறு போன் நகரத்தில் ஓஸ்பிஸ் என்ற பழைய மருத்துவ அறநிலையத்தின் ஒயின் ஏலம், திங்கள் மெர்சோ ஊரில் மதிய விருந்து. 500 பேருக்கு மேல் சாப்பிடுகிற மேசைகள் சரக்கறையை அடைத்திருக்கும். அறை வாடகையும் கூரையைத் தொடும். கூட்டமும் கொண்டாட்டமும்தான் வேண்டும் என்றால் வரட்டும். பிழிமரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த வாரம் வரட்டும்.

வைகைக்கரை, 23 அக்டோபர் 2024

நாளைக்குப் போறோம். கார் எடுக்கலை, எல்லாரும் குடிக்கணுமே. டிஜோன்ல இருந்து எப்படி?

சுண்ணாம்புப்பாறை, 23 அக்டோபர் 2024

பாரிஸ் காரே த லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு டிஜிவி அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரம் சுமார். அங்கிருந்து வூஜோ-ஜியி நிலையத்துக்கு உள்ளூர் ரயில் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. திரும்புகிற ரயிலைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள், இடையில் பல மணி நேரம் ஒன்றும் இருக்காது. நிலையம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, ஷாத்தோ மேற்கே, நடுவில் நல்ல நடை. பேருந்து டிஜோனுக்கும் போனுக்கும் இடையில் டி974 வழியாகவே ஓடுகிறது, வூஜோ ஊரில் இறங்கலாம்.

கடைசியாக ஒன்று. இங்கே வலப்பக்கப் போக்குவரத்து. ஷாத்தோவிலிருந்து இறங்கி வந்து கொடிப்பக்கத்து நிறுத்தத்திலேயே நின்றால் போன் போகிற பேருந்துதான் வரும். டிஜோன் திரும்ப வேண்டுமென்றால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள். மாலையில் அடுத்த பேருந்துக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டி வரும்.

வைகைக்கரை, 23 அக்டோபர் 2024

குறிச்சுக்கிட்டேன். எதிர்ப்பக்கம்.